கழற்றிக் கற்ற கல்வி: ஜி. டி. நாயுடுவின் வாழ்க்கை

அக்கரைப்பற்றிலிருந்து பொத்துவில் நோக்கித் தெற்கே செல்லும் பெருந்தெருவில், தம்பிலுவிலைக் கடந்து போவோர், தெருவோரத்து மோட்டார்ச் சைக்கிள் கராஜ் ஒன்றின் முன்னே இக்காட்சியை அடிக்கடி கண்டிருப்பர். நிலத்தில் விரித்த சாக்கின்மேல் ஒரு வண்டியின் உறுப்புக்கள் ஒவ்வொன்றாகக் கழற்றி வைக்கப்பட்டிருக்கும். சில மண்ணெண்ணெய்த் தட்டில் ஊறிக்கொண்டிருக்கும். கடற்காற்றின் உப்புத் தின்ற திருகாணிகள் ஒரு பால்மாப் பேணிக்குள் கிடக்கும். இவற்றின் நடுவே, முழங்கை வரை கரியெண்ணெய் படிந்த பையன் ஒருவன் குந்தியிருந்து, எது எதனோடு பொருந்தும் என்று நோக்கிக்கொண்டிருப்பான். அவனுக்குப் பின்னாற் சுவரில், இத்தாலி நாட்டுப் பந்தய மோட்டார்ச் சைக்கிள் ஒன்றின் செந்நிறப் படம் ஒட்டப்பட்டிருக்கும்.

அப்பையனைப் பற்றி ஊரார் பேசும்போது அவர்கள் குரலில் ஓர் இரக்கம் தொனிப்பதுண்டு. படிப்பு ஏறாத பிள்ளை, கராஜிலாவது ஒரு கைத்தொழிலைப் பழகிக்கொள்ளட்டும் என்பதே அவ்விரக்கத்தின் பொருள். கழற்றுவதும் பூட்டுவதும் கல்வியோடு சேர்ந்தவையல்ல என்னும் எண்ணம் நம்மிடையே அத்துணை ஆழமாக வேரூன்றியிருக்கின்றது.

அவ்வெண்ணத்தோடு வாழ்நாள் முழுவதும் வழக்காடிய தமிழ்நாட்டுப் பெரியார் ஒருவர் இருந்தார். ஒரே ஒரு மோட்டார்ச் சைக்கிளைப் பிரித்துப் பார்த்ததே அவருக்கு வாய்த்த உயர்கல்வி. அக்கல்வியைக் கொண்டு அவர் பஸ் வண்டிகளை ஓட்டினார், மின்மோட்டார் செய்தார், கார் செய்தார், ஈற்றில் பொறியியற் கல்லூரி ஒன்றுக்கே அதிபராகவும் அமர்ந்தார். கோபாலசாமி துரைசாமி நாயுடு என்பது அவருடைய முழுப்பெயர். உலகம் அவரை ஜி. டி. நாயுடு என்றே அறிந்தது.

கலங்கற் கிராமத்துச் சிறுவன்

கோயம்புத்தூருக்கு அண்மையிலுள்ள கலங்கல் என்னும் சிற்றூரில், உழவுத் தொழில் செய்த குடும்பத்தில், 1893 மார்ச் 23ஆம் நாள் அவர் பிறந்தார். பள்ளிக்கூடம் அவருக்கு ஒத்து வரவில்லை. கட்டுப்பட்டு உட்கார்ந்திருந்து ஒப்பிக்கும் முறையை அவர் வெறுத்தார். ஆசிரியருடைய முகத்தில் மண்ணை வாரி எறிந்துவிட்டு ஓடிய குறும்பன் என்று அவரைப் பற்றிய கதையொன்று இன்றும் வழங்குகின்றது. ஆரம்ப வகுப்புக்களோடு அவருடைய பள்ளிப் படிப்பு முடிந்தது. பின்னர் தந்தையாரின் வயல்களே அவருக்கு இடமாயின.

இவ்வாறு இருந்த நாள்களில், அவ்வூர் வழியே ஆங்கிலேய நிலவருவாய் அதிகாரி ஒருவர் மோட்டார்ச் சைக்கிளில் வந்தார். மாடும் குதிரையும் இழுக்காமல் ஒரு வண்டி தானே ஓடுவதை அந்த இளைஞர் அன்றுதான் முதன்முதற் கண்டார். அவ்வண்டி போன பின்னரும் அவருடைய மனம் அதன் பின்னாலேயே போயிற்று. இது எவ்வாறு ஓடுகின்றது என்னும் வினாவிற்கு விடைசொல்ல அவ்வூரில் ஒருவரும் இலர். விடையறிய வேண்டுமாயின் வண்டி ஒன்று தம் கையில் இருத்தல் வேண்டும் என்று அவர் துணிந்தார்.

துணிவு மட்டும் போதுமா? பொருள் வேண்டுமே! அவர் ஊரை விட்டுக் கோயம்புத்தூருக்குச் சென்று ஓர் உணவுச்சாலையிற் பரிமாறுபவராகச் சேர்ந்தார். இலை எடுத்தும் நீர் வார்த்தும் பெற்ற சிறு கூலியை ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் சேமித்தார். சில நூறு ரூபா சேர்ந்ததும், தாம் கண்டு மயங்கிய அந்த வண்டியையே விலைகொடுத்து வாங்கினார். அது 1912ஆம் ஆண்டில் ஆக்கப்பட்ட ரட்ஜ் வண்டியாகும்.

வண்டியை வாங்கிய இளைஞர் எவரும் செய்வது அதில் ஏறி ஊரைச் சுற்றுவதே. நாயுடுவோ அதனைப் பிரித்துப் போட்டார். பிரித்ததை மீண்டும் பூட்டினார். அவ்வாறு பிரித்தும் பூட்டியும் பிரித்தும் பூட்டியும் அவர் ஒரு மெக்கானிக் ஆனார்.

ரட்ஜ் வண்டி என்னும் பாடநூல்

அவர் பிரித்த பொருள் எத்தகையது என்பதைச் சற்று நோக்குதல் வேண்டும். இங்கிலாந்தின் கொவென்றி நகரில் சைக்கிள் செய்துவந்த ரட்ஜ் விட்வர்த் கம்பனி, 1911ஆம் ஆண்டளவில் மோட்டார்ச் சைக்கிள்களையும் சந்தைக்குக் கொண்டு வந்தது. அக்காலத்து அளவுகோலால் பார்த்தால் அவை விரைவு வண்டிகளே. அவ்வண்டிகள் தொடக்க காலத்திலேயே பந்தயத் திடல்களிற் பெயர்பெற்றன. 1914இல் மான் தீவில் நடைபெற்ற சீனியர் டி. டி. பந்தயத்திலும் ரட்ஜ் வண்டியே வென்றது. இன்று நம் இளைஞர் இத்தாலிய வண்டியின் படத்தைச் சுவரில் ஒட்டி மகிழ்வது போன்று, அன்றைய ஆங்கிலேய இளைஞர் இவ்வண்டியைப் பற்றிப் பேசி மகிழ்ந்திருப்பர்.

அதன் எஞ்சின் ஒற்றைச் சிலிண்டர் உடையது. கொள்ளளவு 499 கன சென்ரிமீற்றர். பெற்றோலும் காற்றும் கலந்த ஆவியை உள்ளே விடும் வால்வு சிலிண்டரின் தலைமேல் இருக்கும். எரிந்த புகையை வெளியே விடும் வால்வு பக்கத்தில் இருக்கும். எஞ்சினின் சுழற்சியைப் பின்சக்கரத்திற்குக் கொண்டு செல்வது ஒரு வார்ப்பட்டி. பற்றரி இல்லை, மக்னீட்டோ என்னும் சிறு பொறி, காந்தத்தின் துணையால் தானே மின்பொறியை உண்டாக்கும். எண்ணெயைக் குறித்த வேளைகளிற் கையாலேயே அழுத்தி எஞ்சினுக்குள் அனுப்புதல் வேண்டும். ஓட்டுபவர் மறந்தால் பிஸ்டன் வெந்து இறுகிவிடும்.

இத்தகைய வண்டியைப் பிரித்துப் பூட்டுபவர் எவராயினும் அவர்முன் சில வினாக்கள் எழுந்தே தீரும். இந்தத் திருகாணி வலப்புரியா, இடப்புரியா? வலுவாகத் திருகியும் கழலாத ஒன்றை மேலும் வலித்து முறிப்பதா, எதிர்ப்புறமாகத் திருகிப் பார்ப்பதா? பிஸ்டன் வளையத்தின் வாய் எப்புறம் இருந்தது? மக்னீட்டோவின் பொறி, பிஸ்டன் எவ்வளவு உயரம் ஏறியபோது தெறித்தல் வேண்டும்? இப்பொருத்தம் சற்றே பிசகினாலும் வண்டி உதைக்கும், அல்லது உயிர்பெறாது. எல்லாவற்றையும் பூட்டிய பின்னர் ஒரு சிறு வளையம் மட்டும் தரையில் மிஞ்சிக் கிடக்குமாயின், அது எங்கே இருந்தது என்று அறியும் வரையில் அவருக்கு உறக்கம் வராது.

இவ்வினாக்களுக்கு விடை சொல்லும் கைந்நூல் தமிழில் அன்று ஏது? உதிரிப்பாகம் முறிந்தாற் புதிதாக வருவதற்குக் கப்பல் வர வேண்டும். ஆகவே உறுப்பின் பெயர் தெரியாவிடினும் அதன் தொழிலைத் தெரிந்துகொள்ள வேண்டிய நெருக்கடி ஏற்பட்டது. ஓர் உறுப்பு எதற்காக இருக்கின்றது, அது இல்லாவிடின் என்ன நேரும், அது தேய்ந்தால் எங்கே முதலில் ஓசை எழும் என்பவற்றை அறிந்தவனே அவ்வுறுப்பை உண்மையில் அடையாளம் கண்டவன் ஆவான். நாயுடுவின் பிற்கால ஆக்கங்கள் அனைத்திலும் இப்பழக்கம் படிந்திருப்பதைக் காணலாம். ஒரு பொருளைக் கண்டதும் அதன் விலையைக் கேட்பதற்கு முன்னர், அதன் உள்ளே எத்தனை உறுப்புக்கள் உள, அவற்றுள் எவை வேண்டியவை, எவை வேண்டாதவை என்று எண்ணும் பழக்கம் அது.

பொள்ளாச்சியிலிருந்து பழனிக்கு

எஞ்சின் அறிவு மட்டும் ஒருவரைச் செல்வராக்கி விடுவதில்லை. முதலாம் உலகப் போர்க் காலத்தில் நாயுடு திருப்பூரிற் பருத்தித் தொழிலில் இறங்கிப் பொருளீட்டினார். பின்னர் பம்பாய்ப் பருத்திச் சந்தையில் அதனை இழந்தார். தம் கையாற் பிரித்துப் பார்க்க முடியாத வாணிகத்தில் தோற்ற அவர், கையாற் பிரித்துப் பார்க்கக்கூடிய பொருளுக்கே மீண்டும் திரும்பினார்.

கோயம்புத்தூரில் அந்நாளிற் பெருந்தொழிலதிபராக விளங்கிய சேர் ரொபேட் ஸ்டேன்ஸ் என்னும் ஆங்கிலேயர், கல்வியும் முதலும் இல்லாத இவ்விளைஞரின் திறத்தை அறிந்து கடனுதவி செய்தார். அவ்வுதவியால் 1920இல் நாயுடு ஒரு பஸ் வண்டியை வாங்கி, பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஓட்டத் தொடங்கினார். வண்டிக்கு உரியவரும் அவரே, சாரதியும் அவரே, பழுது நேர்ந்தால் அதன் அடியிற் படுத்துத் திருத்தியவரும் அவரே.

பழனி முருகன் தலம் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. திருக்கோவில் சித்திர வேலாயுதர் ஆலயத்தின் ஆடி விழாவுக்கு எங்கள் பகுதியில் அடியார்கள் திரண்டு செல்வதைக் கண்டவர்களுக்கு, பழனிப் பாதையில் ஓடும் பஸ்ஸின் நெருக்கடி எத்தகையதாய் இருந்திருக்கும் என்பது எளிதில் விளங்கும். அவ்வழியில் வண்டி நின்றுவிட்டால், அதில் உள்ளோர் அனைவரும் வெயிலில் நிற்பர். தம் சொந்த மோட்டார்ச் சைக்கிள் நின்றால் துன்பம் தமக்கு மட்டுமே. பஸ் நின்றால் துன்பம் ஊருக்கு. பழுது நேர்ந்த பின் திருத்துவதினும் நேருமுன் தடுப்பதே சிறந்தது என்னும் உண்மையை, பஸ் ஓட்டும் எவரும் அங்ஙனம் நின்ற ஒரு பகலிற் கற்றுக்கொள்வர். வார்ப்பட்டி அறுமுன் அதன் ஓரம் பிரியும்; தாங்கி உடையுமுன் அது முனகும்; திருகாணி விழுமுன் தளரும். இக்குறிப்புக்களைக் கேட்கும் செவி உடையவனே நல்ல மெக்கானிக்.

ஒரு வண்டி பலவாயிற்று. யு. எம். எஸ். என்னும் பெயரில் அவர் நடத்திய பஸ் நிறுவனம் சில ஆண்டுகளுக்குள்ளேயே, செவ்வனே இயங்கும் போக்குவரத்து நிறுவனங்களுள் ஒன்றென இந்தியாவிற் பெயர் பெற்றது. முதலாளியே மெக்கானிக்காக இருந்தமையால், பழுதைக் குறித்துப் பொய் சொல்லித் தப்புதல் அங்கே எவருக்கும் எளிதன்று.

மோட்டாரும் சவரக்கத்தியும்

பஸ் தொழிலில் நிலைபெற்ற பின்னர் அவருடைய கை வேறு பொருள்களின் மீது சென்றது. 1937இல், கோயம்புத்தூரை அடுத்த பீளமேட்டில் அவருடைய தொழிற்சாலையில் மின்மோட்டார் ஒன்று உருவாயிற்று. டி. பாலசுந்தரம் நாயுடு என்னும் பொறியாளரோடு சேர்ந்து செய்த அது, இந்தியாவிலேயே ஆக்கப்பட்ட முதல் மின்மோட்டார் எனப் போற்றப்படுகின்றது. இன்று கோயம்புத்தூர் மோட்டாரும் நீரிறைக்கும் பம்பும் செய்யும் நகரமாக விளங்குவதற்கு அன்றைய முயற்சியும் ஒரு வித்தாகும்.

1930களின் நடுவில் அவர் ஐரோப்பா சென்றார். 1936 ஜனவரியில் இலண்டனில் ஐந்தாம் ஜோர்ஜ் மன்னரின் இறுதி ஊர்வலம் நடைபெற்றபோது, அதனைத் தம் கமராவாற் படம் பிடித்தார். கமராவை வாங்கிப் படம் எடுப்பதோடு அவர் அமையவில்லை. படக் கமராவில் தூரத்தைச் சரிசெய்யும் கருவி ஒன்றையும் அமைத்தார். சிறு உலர்மின்கலங்களால் இயங்கும் ஒரு நுண் மோட்டாரை வைத்து அவர் செய்த ரசந்த் என்னும் மின்சவரக்கத்தி, ஜேர்மனியிற் செய்யப்பட்டு வெளியாயிற்று. மிக மெல்லிய சவர அலகு, பழச்சாறு பிழியும் பொறி, மண்ணெண்ணெயால் இயங்கும் விசிறி, எவரும் கைவைத்து மாற்ற முடியாத வாக்குப்பதிவுப் பொறி என்று அவர் ஆக்கங்கள் நீண்டு செல்லும். 1936இல் மாகாணத் தேர்தலிற் போட்டியிட்டுத் தோற்றவர் அவர். வாக்குப்பதிவுப் பொறியின் மீது அவருக்கு எழுந்த ஆர்வத்தை அத்தோல்வியோடு இணைத்து நோக்கி நகைப்போரும் உளர்.

1941இல், ஐந்து வால்வு கொண்ட வானொலிப் பெட்டி ஒன்றை எழுபது ரூபாவுக்குச் செய்து தர இயலும் என அவர் அறிவித்தார். வானொலி என்பது செல்வர் வீட்டுப் பொருளாக இருந்த காலம் அது.

பொலோஞாவும் கோயம்புத்தூரும்

இவ்விடத்தில், கராஜின் சுவரில் ஒட்டியிருந்த செந்நிறப் படத்தை மீண்டும் நினைவு கொள்ளுதல் தகும். இத்தாலியிற் பொலோஞா என்னும் நகரில் 1926இல் டுகாட்டி குடும்பத்தார் தொடங்கிய தொழிற்சாலை, முதலிற் செய்தது மோட்டார்ச் சைக்கிள் அன்று. வானொலிப் பெட்டிக்கு வேண்டிய மின்தேக்கிகளே. இரண்டாம் உலகப் போர் முடிந்து தொழிற்சாலை சிதைந்து கிடந்த நிலையில், 1946இல் சாதாரண சைக்கிளிற் பொருத்தக்கூடிய சிறிய எஞ்சின் ஒன்றை ஆக்கும் பணியை அது மேற்கொண்டது. அங்கிருந்தே பந்தய வண்டிகளின் பரம்பரை தோன்றியது. வானொலியிற் தொடங்கி மோட்டார்ச் சைக்கிளுக்கு வந்தது பொலோஞா. மோட்டார்ச் சைக்கிளிற் தொடங்கி வானொலிக்குச் சென்றார் நாயுடு. கைத்திறன் உள்ள இடத்தில் ஒரு தொழில் மற்றொரு தொழிலாக மாறுவது இயல்பே.

அத்தொழிற்சாலையிற் பணியாற்றிய பாபியோ தாலியோனி என்னும் பொறியாளர், 1956இல் டெஸ்மோட்ரோமிக் என்னும் வால்வு முறையைப் பந்தய வண்டியிற் புகுத்தினார். மற்றைய எஞ்சின்களில் வால்வைத் திறப்பதற்கு ஒரு நெம்பு உண்டு. மூடுவதற்குச் சுருள்வில் உண்டு. எஞ்சின் மிக விரைவாகச் சுழலும்போது அக்காலத்துச் சுருள்வில் வேகத்திற்கு ஈடுகொடுக்க மாட்டாமற் பின்தங்கும். ஆகவே வால்வைத் திறக்க ஒரு நெம்பும் மூட மற்றொரு நெம்புமாக அவர் அமைத்தார். இதன் பயனாக வேகம் பெருகியது. பேணும் வேலையும் இரட்டித்தது. அத்தகைய எஞ்சினில் ஒவ்வொரு வால்வுக்கும் திறக்கும் இடைவெளி, மூடும் இடைவெளி என்று இரண்டையும் மெல்லிய அளவைத் தகடு கொண்டு பார்த்தல் வேண்டும். பிழை இருப்பின் உரிய கனமுள்ள வில்லையைத் தெரிந்து மாற்றுதல் வேண்டும். அதில் வரும் பிழை மில்லிமீற்றரில் நூறில் ஒரு பங்கு அளவினது.

உதிரிப்பாகத்தை அடையாளம் காண்பதும் அங்ஙனமே. ஒரே உருவமுடைய இரண்டு உறுப்புக்கள் ஒன்றுக்கொன்று பொருந்தா. ஓர் ஆண்டு வண்டியின் பாகம் அடுத்த ஆண்டு வண்டிக்கு ஆகாது. எஞ்சின் இலக்கத்தையும் சட்டத்தின் கழுத்திற் பொறித்த இலக்கத்தையும் பார்த்து, அவற்றிற்குரிய பாக இலக்கத்தைத் தேடி எடுப்பதே வழி. அத்தகைய விலையுயர்ந்த வண்டி தம்பிலுவிலுக்கு வாராமற் போகலாம். ஆயினும் எங்கள் மீனவரின் படகு எஞ்சினைத் திருத்துபவனும் இதே ஒழுக்கத்தைப் பின்பற்றுதல் வேண்டும். இலக்கத்தைப் பார், அளந்து பார், கழற்றிய வரிசையில் வை, ஊகத்தாற் பூட்டாதே. ரட்ஜ் வண்டியின் முன்னே அமர்ந்த இளைஞர் கற்றதும் இவ்வொழுக்கமேயன்றி வேறன்று.

கையெழுத்துக் கிடைக்காத கார்

நாயுடுவின் வாழ்வில் ஏமாற்றங்களும் குறைவல்ல. 1952இல், இரண்டு பேர் அமரக்கூடிய சிறிய பெற்றோல் கார் ஒன்றை அவர் செய்து முடித்தார். அதன் விலை இரண்டாயிரம் ரூபா மட்டுமே. நடுத்தரக் குடும்பத்தான் ஒருவன் கார் வாங்குவதைக் கனவிலும் கருதாத நாளில், அது எத்தகைய பொருள் என்பதை எண்ணிப் பார்க்கலாம். ஆனால் இந்தியாவில் 1951இல் இயற்றப்பட்ட தொழில்களை ஒழுங்குபடுத்தும் சட்டத்தின்படி, ஒரு பொருளைப் பெருமளவில் ஆக்குவதற்கு அரசாங்கத்தின் அனுமதி வேண்டும். அவ்வனுமதி அவருக்கு வழங்கப்படவில்லை. காரின் ஆக்கம் நின்றது.

அரசின் பக்கத்திலும் நியாயம் இல்லாமற் போகவில்லை. அந்நியச் செலாவணி அருகியிருந்த புதிய நாடு, எந்தத் தொழிலுக்கு எவ்வளவு இரும்பு, எவ்வளவு முதல் என்று திட்டமிட முயன்றது. ஆயினும் அத்திட்டத்தில், ஒரு மனிதர் தம் பட்டறையிற் செய்து காட்டிய பொருளை நோக்கி, அது ஓடுகின்றதா என்று கேட்பதற்கு இடம் இருக்கவில்லை. ஓடும் கார் ஒன்று தாள் ஒன்றின் முன் நின்று போயிற்று.

வரிச்சுமையும் அவரை வருத்தியது. தொழிலில் ஈட்டியதை ஆராய்ச்சியிற் செலவிட விரும்பியவருக்கு, ஈட்டியதிற் பெரும்பகுதியை வரியாக இழப்பது பொறுக்கவில்லை. அதற்கு எதிர்ப்பாக, தாம் ஆக்கிய பொருள்கள் சிலவற்றை மக்கள் முன்னிலையிலேயே உடைத்தெறிந்தார். பிரித்தவற்றையெல்லாம் மீண்டும் பூட்டிப் பழகிய கைகள், பூட்ட முடியாதபடி உடைத்தமை அதுவே போலும். அச்செயலைப் பாராட்டுவதற்கு இல்லை. எனினும் அதன் பின்னே இருந்த மனக்கொதிப்பை உணராதிருக்கவும் இயலாது.

கல்லாதவர் கட்டிய கல்லூரி

1944இல் நாயுடு தம் மோட்டார்த் தொழிலின் பொறுப்புக்களிலிருந்து விலகினார். ஆராய்ச்சிக்கும், மாணவர் உதவிப் பணத்திற்கும், தொழிலாளரின் நலத்திற்கும் கொடைகளை அறிவித்தார். 1945இல், அப்போது சென்னை மாகாண ஆளுநராக இருந்த சேர் ஆதர் ஹோப்பின் பெயரில், தொழில்நுட்பப் பயிலகமும் பொறியியற் கல்லூரியும் கோயம்புத்தூரில் அவருடைய முயற்சியாலும் கொடையாலும் எழுந்தன. அக்கல்லூரியே பின்னாளில் கோயம்புத்தூர் அரசினர் தொழில்நுட்பக் கல்லூரியாக வளர்ந்தது.

பள்ளியை விட்டு ஓடிய சிறுவர், பொறியியற் கல்லூரிக்கு அதிபரானார். அப்பதவியில் இருந்துகொண்டு அவர் தொடுத்த வாதம் பெரியது. பொறியியலைப் பயிற்றுவதற்கு நான்கு ஆண்டுகள் வேண்டியதில்லை. இரண்டு ஆண்டுகளே போதும் என்பது அவர் கொள்கை. மாணவன் ஏட்டிற் படிக்கும் காலத்தைக் குறைத்து, பொறியின் முன்னே நிற்கும் காலத்தைக் கூட்டினால், எஞ்சும் ஆண்டுகள் நாட்டிற்கு ஆதாயமாகும் என்று அவர் கருதினார். அரசு அதனை ஏற்றுக்கொள்ளவில்லை. அவர் பதவியைத் துறந்து வெளியேறினார்.

இவ்வழக்கில் எவர் பக்கம் சரி? பாலம் கட்டுபவருக்கும் மின்வலையை வகுப்பவருக்கும் கணிதமும் இயற்பியலும் ஆழமாக வேண்டும். அவற்றைக் கழற்றிப் பார்த்து அறிந்துகொள்ள முடியாது. அந்த அளவில் அரசின் முடிவு பிழையன்று. ஆனால் நான்கு ஆண்டுகள் எஞ்சினைப் பற்றிப் படித்து, எஞ்சின் ஒன்றையேனும் தன் கையாற் திறவாமற் பட்டம் பெறும் மாணவனை இன்றும் காண்கின்றோம். அவனை நோக்கும்போது நாயுடுவின் குறை நம் காதில் ஒலிக்கின்றது. அவர் கல்வியை வெறுத்தவர் அல்லர். வெறுத்திருந்தாற் கல்லூரிக்குப் பொருள் கொடுத்திருப்பாரா? கையை விலக்கி வைத்த கல்வியையே அவர் குறை கூறினார்.

முதுமையிலும் அவர் ஓய்ந்திருக்கவில்லை. பத்தடி உயரம் வளரும் பருத்திச் செடி, புதுவகைப் பப்பாளி முதலியவற்றை வளர்த்துப் பயிர்த்தொழில் வல்லுநரை வியக்க வைத்தார். 1967இல், அத்திவாரம் தொடங்கிப் பதினொரு மணி நேரத்தில் ஒரு வீட்டைக் கட்டி முடித்துக் காட்டினார். வீட்டையும் அவர் எஞ்சினைப் போலவே கண்டார் என்பது இதனாற் புலனாகும். எந்த வேலைக்குப் பின் எந்த வேலை, எந்தப் பகுதி முன்னரே ஆயத்தமாக இருத்தல் வேண்டும் என்று வரிசையை வகுத்துவிட்டாற் காலம் தானே சுருங்கும்.

1974 ஜனவரி 4ஆம் நாள், எண்பதாம் வயதில் ஜி. டி. நாயுடு மறைந்தார். நோபெல் பரிசு பெற்ற சேர் சி. வி. இராமன் போன்ற அறிஞர்களே அவருடைய திறத்தை வியந்து பாராட்டியிருந்தனர். இந்தியாவின் எடிசன் என்று மக்கள் அவரை அழைத்தனர். 2015இல் கோயம்புத்தூரில் அவர் பெயரின் முதலெழுத்துக்களைத் தாங்கிய கார் அரும்பொருட்சாலை ஒன்று திறக்கப்பட்டது. 2025 ஒக்டோபரில், அந்நகரின் அவினாசிப் பெருந்தெருவில் ஏறத்தாழப் பத்துக் கிலோமீற்றர் நீளமுள்ள மேம்பாலம் ஒன்று அவருடைய பெயரால் திறக்கப்பட்டது. வண்டி ஒன்றை வாங்குவதற்காக இலை எடுத்த இளைஞரின் பெயர் தாங்கிய பாலத்தின்மேல், இன்று நாள்தோறும் ஆயிரக்கணக்கான வண்டிகள் ஓடுகின்றன.

சாக்கின்மேல் பரப்பிய உறுப்புக்கள்

கராஜுக்குச் செல்லும் பிள்ளைகள் எல்லாரும் நாயுடு ஆகிவிடுவர் என்று சொல்வது பேதைமை. அவருக்கு வாய்த்த ஸ்டேன்ஸ் எல்லாருக்கும் வாய்ப்பதில்லை. அன்றியும் அவர் காலத்து வண்டியை ஒரு திறப்பும் ஒரு சுத்தியலும் கொண்டு பிரிக்க முடிந்தது. இன்றைய வண்டியின் உட்பகுதிகள் சிலவற்றைக் கம்பனியார் முத்திரையிட்டு மூடி வைத்திருக்கின்றனர். பழுதுற்றாற் திருத்துவதற்கு இடமின்றி முழுதாக மாற்றுமாறு கூறுகின்றனர். கணினியின் துணையின்றிப் பழுதை அறிய முடியாத வண்டிகளும் வந்துவிட்டன. ஆகவே, இன்றைய பையனுக்கு நாயுடுவின் பிடிவாதமும் வேண்டும். அவர் வெறுத்த ஏட்டுப் படிப்பும் ஓரளவு வேண்டும். பாக இலக்கத்தை வாசிக்கவும், அளவைக் கணிக்கவும், மின்சுற்றின் படத்தைப் புரிந்துகொள்ளவும் எழுத்தும் கணக்கும் இன்றியமையாதன. பரீட்சையிற் தவறியவனை வகுப்பறையிலிருந்து அனுப்பிவிட்டோம், இனி அவனுக்குப் படிப்பு வேண்டாம் என்று கைகழுவுவது, நாயுடுவின் வாழ்வைப் பிழையாகப் படிப்பதாகும்.

அது போலவே, பரீட்சையிற் தேறியவனுக்குக் கைத்தொழில் வேண்டாம் என்பதும் பிழையே. எங்கள் ஊர்ப் பாடசாலைகளில் விஞ்ஞானம் கற்கும் மாணவர், ஆண்டில் ஒரு நாளேனும் அந்தச் சாக்கின் அருகே போய் அமர்வார்களாயின், நூலில் வாசித்த உராய்வும் வெப்பமும் அமுக்கமும் அங்கே கையில் ஒட்டும் பொருள்களாகத் தோன்றும். அப்பையனும் தான் செய்யும் தொழிலுக்கு ஒரு சாத்திரம் உண்டு என்பதை அறிந்து நிமிர்வான்.

ஆதலால், தம்பிலுவில் வழியே போகின்றவர்கள் இனி அக்கராஜைக் காணும்போது இரங்கிவிட்டு அப்பாற் செல்லாதிருப்பார்களாக. வண்டியை நிறுத்தி, சாக்கின்மேல் வரிசையாக இருக்கும் உறுப்புக்களுள் ஒன்றைச் சுட்டி, அது என்ன, அது இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று அவனைக் கேட்டுப் பார்ப்பார்களாக. அவன் விடை சொல்வானாயின் அவனை மதித்தல் நம் கடமை. விடை தெரியாது விழிப்பானாயின், அதனை அவனுக்குக் கற்பிக்க ஒருவரைத் தேடுதலும் நம் கடமையே.